பாவுக் கணக்கில் ஒரு கேரண்டி

என் கடை போர்டில் "மோட்டார் வைண்டிங்" என்று மட்டும் எழுதியிருக்கும். கேரண்டி என்று எழுதியதில்லை. யாரும் கேட்டதுமில்லை. முதலில் கேட்டவன் மச்சான்.

மச்சான் என் மனைவியின் தம்பி. பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் வைத்து லுங்கி ஓட்டுகிறான். அவன் தெருவில் எல்லார் வீட்டிலும் தறி. தறி மோட்டார் எரிந்தால் பஸ்ஸில் ஏற்றித் திருத்தணிக்கு, எனக்குக் கொண்டுவருவார்கள். கண்டக்டர் மோட்டாருக்கு லக்கேஜ் டிக்கெட் போடுவார். சில நாள் மோட்டாருக்கு சீட் கிடைக்கும், கொண்டுவந்தவர் நின்றுகொண்டு வருவார்.

அன்றைக்கு மச்சான் மோட்டார் இல்லாமல் வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். டீ வேண்டாம் என்றான். அவன் டீ வேண்டாம் என்றால் விஷயம் பெரியது.

"பாவா, தெருவுல பேசிகினு இருக்காங்க. சோளிங்கர்ல புதுசா ஒருத்தன் கடை போட்டிருக்கான். ஒரு வருசம் கேரண்டி. கார்டு அடிச்சுக் குடுக்கறான்."

நான் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

"நீயும் குடு. இல்லன்னா ஆடிக் கிருத்திகை முடிஞ்சதும் தெரு மொத்தமும் அங்க போயிடும். நான் ஒருத்தன் மட்டும் இங்க தூக்கிகினு வந்தா, அக்கா புருசனுக்கு அழுவுறான்னு சிரிப்பாங்க."

"பாக்கலாம்."

"இன்னா பாக்கலாம்? கார்டு பாவா. கார்டுல சாமி படம்லாம் போட்டிருக்கான்."

அவன் போன பிறகும் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்று எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. பிரித்து மறுபடி சுற்றினேன்.

அந்தத் தெரு போனால் என் கடையில் மிச்சம் மிக்சியும் டேபிள் ஃபேனும்தான். அதை வைத்துக் கடை வாடகைகூட வராது. சரி, கேரண்டி கொடுத்துவிடலாம் என்றால், அதுவும் முடியாது. நான் சுற்றிய மோட்டாரில் சிலது வருஷக்கணக்கில் ஓடும். சிலது ஒரு வாரத்தில் திரும்பி வந்து மேஜைமேல் உட்காரும். ஒரே கை, ஒரே கம்பி, ஒரே வார்னிஷ். எது ஓடும் எது படுக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததற்கு எப்படிக் கார்டு அடிப்பது? கொடுத்தாலும் கடை போகும், கொடுக்காவிட்டாலும் போகும். எப்படிப் போவது நல்லது என்பதுதான் கேள்வி.

ராத்திரி சாப்பாட்டில் மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மச்சான் எனக்கு முன்பே அவளுக்குப் போன் போட்டிருந்தான். வீட்டில் அப்போது மூன்று பேர்தான். மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை, வாரக் கடைசியில் வருவான், வந்து தூங்குவான். மூன்றாவது ஆள் மருமகள்.

மருமகள் எம்.எஸ்சி. புள்ளியியல். ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். நான் எட்டாவது, அதையும் முடிக்கவில்லை. அவள் வந்து ஒரு வருஷம் ஆகியும் நாங்கள் பேசிக்கொண்டது கொஞ்சம். "சாப்பிடறீங்களா மாமா" என்பாள். "ஆங்" என்பேன். இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

அன்றைக்கு அவளே பேசினாள்.

"மாமா, ஒவ்வொரு மோட்டாரும் எத்தனை நாள் ஓடிச்சுன்னு எழுதி வச்சிருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"ஞாபகம் இருக்குங்களா?"

அது இருந்தது. யார் மோட்டார், எந்தக் காயில் போனது, எப்போது வந்தது எல்லாம் இருக்கும். மனிதர்களின் பெயர்தான் மறக்கும். மருமகள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அதிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் நான் மோட்டார் சொல்வேன், அவள் தட்டிக்கொள்வாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பேசியதில்லை. மனைவிக்கு அது பிடிக்கவில்லை. முப்பது வருஷமாகத் தன்னிடம் பேசாத வாய் மோட்டாரைப் பற்றி மட்டும் பேசுகிறது என்றாள்.

இன்னொன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை. மருமகள் கேட்பது, "இது எப்போ செத்துச்சு மாமா?" நான் சொல்வது, "அது போன பங்குனியில் செத்துது." விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் செத்தது செத்தது என்று பேசக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை அந்தப் பேச்சே கிட்ட வரக்கூடாதாம். அதனால் "படுத்துது" என்று மாற்றிக்கொண்டோம். மருமகள் லேப்டாப்பிலும் அந்தத் தலைப்பையே மாற்றினாள் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் அவள் கேட்டாள், ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரெல்லாம் எங்கே என்று.

எனக்குப் புரியவில்லை. படுத்த மோட்டார்தான் கடைக்கு வரும். ஓடுவது ஏன் வரப் போகிறது?

"அதான் மாமா. நீங்க படுத்ததை மட்டும் பாக்கறீங்க. அதை மட்டும் வச்சுக் கணக்கு போட்டா உங்க மோட்டாரெல்லாம் சீக்கிரமா போற மாதிரிதான் தெரியும். இன்னும் ஓடிகினு இருக்கறதையும் சேர்க்கணும். எத்தனை நாள் ஓடும்னு தெரியாது, ஆனா இத்தனை நாளாவது ஓடியிருக்குன்னு தெரியும்ல?"

அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன். சுற்றிய மோட்டாரில் ஓடுவதுதான் அதிகம் என்பதே எனக்கு அதுவரை தோன்றவில்லை. நான் பார்த்ததெல்லாம் எரிந்த மூஞ்சிகள்.

ஓடுகிறவற்றைத் தெரிந்துகொள்ள மச்சான் தெருவுக்குப் போன் போட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். மோட்டார் சுற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்று மருமகள் கேட்பாள். யாரும் மாதத்தில் பதில் சொல்லமாட்டார்கள். ஒருவர் எட்டு பாவு என்றார். ஒரு அம்மா, பதினோரு பாவு முடிந்து பன்னிரண்டாவது ஏற்றியிருக்கிறோம் என்றார். தறியில் ஒரு தடவை ஏற்றுகிற நீளவாட்டு நூல்தான் ஒரு பாவு. அது லுங்கியாக ஓடித் தீர்ந்தால் அடுத்தது ஏற்றுவார்கள். அவர்களுக்கு அதுதான் காலண்டர்.

மருமகள் முதலில் பாவுக் கணக்கை மாதமாக மாற்றப் பார்த்தாள். மாறவில்லை. ஒரு வீட்டில் ஒரு பாவு இருபது நாளில் தீர்கிறது. இன்னொரு வீட்டில் நூல் விலை ஏறி தறி இரண்டு மாதம் நின்று, அதே பாவு மூன்று மாதம். இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் மாதத்தை எல்லாம் அழித்துவிட்டாள்.

"தறி நின்னா மோட்டாருக்கு வயசு ஏறாதுல்ல மாமா? அப்ப பாவுதான் சரியான கணக்கு. மாசம்தான் தப்பு."

நான் "ஆங்" என்றேன்.

அதற்குப் பிறகு படம் வந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். படம் என்றால் கோடு. அவள் சொன்னது எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், தப்பிருந்தால் அவள் மன்னிப்பாள்.

சாவுக்கு, மன்னிக்கவும், படுப்பதற்குப் பல சாயல் உண்டாம். ஒவ்வொரு சாயலுக்கும் ஒரு கோடு. எந்தக் கோடு நம் மோட்டாருக்குப் பொருந்துகிறது என்று தேர்ந்தெடுப்பதுதான் வேலை. கோடு கிடைத்தால் கேரண்டி தானாகக் கிடைக்கும்.

முதல் கோட்டைக் காட்டினாள். எல்லாவற்றிலும் எளிது என்றாள்.

"இது ஞாபகமே இல்லாத மோட்டார் மாமா. எத்தனை பாவு ஓட்டியிருந்தாலும் அதுக்குத் தெரியாது. இன்னிக்குப் படுக்க எவ்ளோ வாய்ப்போ, நாளைக்கும் அவ்ளோதான். வயசே ஆகாது."

மனைவி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ஞாபகமே கிடையாது, வயசும் ஆகாதுன்னா அது உம் புருசன்தான்" என்றாள். மருமகள் சிரித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். நான் சிரித்திருந்தால் நிறுத்தியிருக்கமாட்டாள்.

அந்தக் கோடு ஒத்துவராது என்று எனக்கே தெரிந்தது. இடி விழுந்து போகிற மோட்டாருக்கு அது சரி. இடிக்குப் பழசு புதுசு தெரியாது. ஆனால் பேரிங்குக்குத் தெரியும்.

அடுத்தது வெய்புல் என்று ஒரு கோடு. பெயர் வெள்ளைக்காரப் பெயர். அதில் ஒரு எண் இருக்கிறது, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. ஒன்றுக்குக் கீழே திருப்பினால், ஆரம்பத்திலேயே படுக்கிற மோட்டார். அதைத் தாண்டிவிட்டால் பயமில்லை. சரியாக ஒன்றில் வைத்தால் ஞாபகமில்லாதது. ஒன்றுக்கு மேலே திருப்பினால் எங்களை மாதிரி, ஆக ஆக ஆபத்து. ஒரே கோட்டில் மூன்று முகம். எனக்கு அது பிடித்தது. கடையில் ஒரு ஸ்பேனர் மூன்று நட்டுக்குப் பொருந்தினால் பிடிக்கும் அல்லவா, அந்த மாதிரி.

மூன்றாவதாக இன்னொன்று, வால் நீளமானது. வெகுகாலம் இழுத்துக்கொண்டே போகிற மோட்டார்களுக்கு. இதுவும் வெய்புலும் கிட்டத்தட்ட ஒன்றாகப் பொருந்தும், தொலைவில்தான் பிரியும், கேரண்டிக்கு நமக்கு முன்பக்கம்தான் வேண்டும், அதனால் சண்டை போடவேண்டாம் என்றாள்.

எல்லாம் சரி. ஆனால் எந்தக் கோடும் பொருந்தவில்லை.

அவள் புள்ளிகளைக் காட்டினாள். பின்னால் பெரிய மேடு, வயசாகிப் படுப்பவை. அது நியாயம். ஆனால் தொடக்கத்தில், முதல் பாவு தீர்வதற்குள், ஒரு குட்டி மேடு. ரெகுலேட்டரை மேலே திருப்பினால் குட்டி மேடு வெளியே நிற்கிறது. கீழே திருப்பினால் பெரிய மேடு வெளியே நிற்கிறது.

"ரெண்டு சாதி மோட்டார் கலந்திருக்கு மாமா." பிறகு மெதுவாக, "ஆரம்பத்துலயே போறதுன்னா, பொதுவா, செய்யும்போதே கோளாறுன்னு அர்த்தம்" என்றாள்.

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"அவரு சுத்துன காயில்ல கோளாறா?"

"நான் சொல்லல அத்தை. கணக்கு சொல்லுது."

"கணக்கை வேற மாதிரி சொல்லச் சொல்லு."

நான் எழுந்து கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இருந்தாலும் போனேன்.

அடுத்த நாட்களில் வார்னிஷ் மாற்றினேன். வெயிலில் காயவைப்பதோடு நிற்காமல் பல்பு போட்டும் காயவைத்தேன். ஒவ்வொரு காயிலிலும் கரண்ட் கசிகிறதா என்று இரண்டு தடவை மெகர் மீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லாம் நல்லதாகவே காட்டியது. ஆனாலும் ஒன்று ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் என்னைத் திட்டவில்லை. மோட்டாரை மேஜைமேல் வைத்து, சோளிங்கருக்கு நேர் பஸ் உண்டா என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் மறுபடி "சாப்பிடறீங்களா மாமா", "ஆங்" என்பதோடு நின்றுவிட்டது. மருமகள் பயந்திருக்கிறாள் என்று மனைவி சொன்னாள். எனக்குக் கோபம் இல்லை. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் போல.

ஆடி பிறந்துவிட்டது. கிருத்திகைக்கு முந்தின வாரம். காவடிக்காரர்கள் வரத் தொடங்கி ரோட்டில் நடக்க இடமில்லை. மருமகள் கடைக்கே வந்துவிட்டாள். அதற்கு முன் வந்ததில்லை. கையில் ஒரு காகிதம். புள்ளிகளுக்கு வீடுவாரியாகக் கலர் போட்டிருந்தாள்.

"மாமா, இந்தப் பச்சை யாரு?"

பச்சைப் புள்ளி ஒன்றுகூடக் குட்டி மேட்டில் இல்லை. எல்லாம் பின்னால், பெரிய மேட்டில், வரிசையாக, வெய்புல் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தன.

எனக்கு உடனே தெரிந்தது. அவர் மச்சான் தெருவிலேயே தறி வைத்திருக்கும் கிறிஸ்தவர், சபையில் பெரியவர். மோட்டார் வாங்க வந்தால் கடையிலேயே அதன்மேல் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் தூக்குவார். நானும் எழுந்து நிற்பேன். "ஆண்டவரே, இந்த ஒரு குதிரை சக்தி மோட்டாரை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்பார். குதிரை சக்தியைச் சொல்ல மறக்கமாட்டார். தன் மோட்டார்கள் நன்றாக ஓடுவதைப் பற்றி மாதாமாதம் சபையில் சாட்சி சொல்வதாகவும் கேள்வி.

"அவர் மோட்டாருக்கு மட்டும் வேற கம்பி போடுவீங்களா?"

"இல்ல."

"வேற வார்னிஷ்?"

"இல்ல."

"அப்ப கோளாறு கடையில இல்ல மாமா. கடையில இருந்தா பச்சையிலயும் இருக்கணும்ல. வீட்டுக்குப் போன பிறகு என்னமோ நடக்குது."

அவள் அதைச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள்.

அன்றைக்கு மச்சானுடைய மோட்டார் ஒன்று தயாராக இருந்தது. நானே கொண்டுவருகிறேன் என்று போன் செய்தேன். அவனுக்கு ஆச்சரியம். நான் மோட்டாரைக் கடை வாசலில் கொடுப்பதோடு சரி. அது வீட்டுக்குப் போய் என்ன ஆகிறது என்று பார்த்ததில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்தவன்கூட ஒரு தடவை போய்ப் பார்ப்பான். நான் போனதில்லை.

நானும் மருமகளும் பஸ்ஸில் போனோம். மோட்டார் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது.

மச்சான் வீட்டில் வரவேற்பு மோட்டாருக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆளைப் போல வாசலில் நிறுத்தி ஆரத்தி சுற்றினார்கள். உள்ளே தறிக்குப் பக்கத்தில் வைத்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, திருத்தணி மலை விபூதி வைத்து, மாலை போட்டார்கள். கற்பூரம் காட்டினார்கள். எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. என் கடையிலும் ஆயுதபூஜைக்கு இதெல்லாம் உண்டு.

பிறகு மச்சான் தேங்காயை எடுத்தான். மூன்று தடவை சுற்றினான். குனிந்தான். மோட்டாரைத் தறியில் போல்ட் போட்டுப் பிடிக்க அடியில் இரும்புக் கால் இருக்கும். தேங்காய் உடைக்க அதைவிட நல்ல விளிம்பு அந்த வீட்டில் வேறில்லை. ஒரே போடு. இரண்டு சரிபாதி. தண்ணீர் மோட்டார்மேல் ஓடியது. எல்லாரும் நல்லா உடைஞ்சுது என்றார்கள்.

மருமகள் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"மாமா. மூடி."

கரண்ட் ஒயர் கொடுக்கிற பெட்டி மோட்டாரின் மேலே இருக்கும். புது மோட்டாருக்கு அதன்மேல் மூடி இருக்கும். பழைய மோட்டாருக்கு இருக்காது. எங்கே போகும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊரில் எந்தப் பழைய மோட்டாருக்கும் மூடி இல்லை. தேங்காய்த் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதில் உப்புச் சத்து உண்டு. உடனே ஒன்றும் ஆகாது. சுவிட்ச் போட்டால் ஓடும். சில நாள் கழித்து மெல்லக் காயிலைத் தின்னும்.

மச்சான் சுவிட்ச் போடப் போனான். நான் போய் கையைப் பிடித்தேன். மோட்டாரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தேன். சொட்டுச் சொட்டாக வெளியே வந்தது. மாலையும் கீழே விழுந்தது.

மச்சான் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் முகம் சிவந்துவிட்டது.

"பூஜை பண்ண மோட்டாரைக் கவுக்கறியே பாவா. உனக்கு இன்னா ஆச்சு?"

சொன்னேன். அவன் கேட்டான். கேட்டுவிட்டு, இதை அமாவாசை அன்றைக்குத் தெருவில் வந்து சொல், கேரண்டியும் அன்றைக்கே சொல், அதற்குமேல் நான் தெருவைப் பிடித்துவைக்க முடியாது என்றான்.

வரும்போது பஸ்ஸில் மருமகளிடம் எண் கேட்டேன். அவள் குட்டி மேட்டைத் தள்ளிவைத்துவிட்டு மிச்சத்தை வெய்புலில் போட்டிருந்தாள்.

"பத்துல எத்தனை திரும்பி வந்தா நீங்க தாங்குவீங்க மாமா?"

"ஒண்ணு."

"அப்ப பன்னெண்டு பாவு. அதுக்குள்ள பத்துல ஒண்ணுதான் படுக்கும்."

அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கு ஆண்கள் எல்லாம் டீக்கடையில் இருப்பார்கள். போனேன். மருமகளைக் கூட்டிப் போகவில்லை, அவளுக்குக் கல்லூரி. நின்றுகொண்டே பேசினேன். அதுதான் நான் பேசியதிலேயே நீளமானது. பன்னிரண்டு பாவு கேரண்டி, மோட்டார்மேல் தேங்காய் உடைத்தால் கேரண்டி கிடையாது. முடிந்தது.

மூத்தவர் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இத்தினி வருசமா நாங்க சாமி கும்பிட்டுதான் மோட்டாரை எரிச்சோம்ன்றியா?"

"சாமி இல்ல. தண்ணி."

"அதெப்படி வாரம் பத்து நாள் கழிச்சு எரியும்?"

"மெதுவா எரியும்."

"அப்ப புது மோட்டாரு ஏன் எரியல? அதுக்கும்தான் உடைக்கறோம்."

"மூடி இருக்குது."

சபைப் பெரியவரும் அங்கே இருந்தார். மூலையில் உட்கார்ந்து பொறை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தன் மோட்டார் நடுவில் நின்றதே இல்லை என்றார். அது ஜெபம் என்றார்.

"ஜெபத்துல தண்ணி இல்ல" என்றேன்.

டீக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பெரிய நஷ்டம் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஆனால் மூத்தவருக்கு வேறொன்று உறைத்தது. சபைக்காரர் மோட்டார் பாதியில் நிற்கிறதே இல்லையா, நம்முடையதுதான் நிற்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். தெருவில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அவர் சாமியின் மோட்டார் ஓடி, மலைமேல் இருக்கிற நம் சாமியின் மோட்டார் படுத்தால் வெளியே தலைகாட்ட முடியாது என்ற மாதிரி ஒரு கவலை எல்லார் முகத்திலும் வந்தது. என் கேரண்டியைவிட அது பெரிதாக வேலை செய்தது.

மச்சான் சட்டென்று கேட்டான், "பன்னெண்டு பாவுன்னா வருசத்துக்கு மேலயா கீழயா?"

"தறி ஓடினா கீழ. நின்னா மேல."

"நூல் இல்லாம தறி நிக்குதே, அந்த மாசமெல்லாம்?"

"எண்ணிக்கையில வராது."

அவன் எழுந்து நின்றான். "சோளிங்கர் கார்டுல தறி நின்னாலும் நாள் போய்கினே இருக்கும். இவருகிட்ட போவாது. யோசிச்சுக்கங்க" என்றான். அக்கா புருஷனுக்காகப் பேசுகிற மாதிரி இல்லாமல் பேசினான். அதில் அவன் கெட்டிக்காரன்.

மூத்தவர் முடிவு சொன்னார். தேங்காய் நிலைப்படியில் உடைப்பது. அந்த நேரம் மோட்டார்மேல் ஒரு லுங்கி போர்த்திவைப்பது. புது லுங்கி, பழசு கூடாது. இப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள். பூஜை நேரத்தில் போய்ப் பார்த்தால் மோட்டார் முக்காடு போட்ட மணப்பெண் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

சபைப் பெரியவர் மோட்டாரைப் பற்றி சாட்சி சொல்வதை நிறுத்திவிட்டாராம். எல்லார் மோட்டாரும் ஓடும்போது அவர் மட்டும் என்ன சொல்வது. இப்போது முட்டிவலி குறைந்ததைப் பற்றிச் சொல்கிறாராம்.

இதெல்லாம் வாய்ப்பேச்சு. கொடுப்பானா மாட்டானா என்பது முதல் மோட்டார் திரும்பி வரும்போதுதான் தெரியும் என்று தெரு காத்திருந்தது. எனக்கும் தெரியும்.

கார்த்திகைக்கு முன்பே வந்தது. மச்சானுடையதே. நான்காவது பாவில் நின்றுவிட்டது. மேஜைமேல் வைத்துவிட்டு, நான் கேட்காமலே, லுங்கி போர்த்தினேன், தேங்காய் வாசலில்தான் உடைத்தேன், வேண்டுமானால் மலையில் வந்து சத்தியம் செய்கிறேன் என்றான். நான் திறந்தேன்.

உள்ளே ஒரு பல்லி. இரண்டு காயிலுக்கு நடுவில் குறுக்கே கிடந்தது. கருகி, வாலோடு.

மச்சான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். அதன் பின்பக்கம் பல்லி விழும் பலன் அச்சடித்திருக்கும். தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால், வலது காலில் விழுந்தால் எல்லாம் போட்டிருந்தது. மோட்டாருக்குள் விழுந்தால் என்று இல்லை. மருமகளுக்குப் போன் செய்து சொன்னேன். இது கோட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். பத்தில் ஒன்று என்று சொன்னோமே, அந்த ஒன்று என்றாள். எத்தனையாவது பாவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

மச்சான் நின்றுகொண்டே இருந்தான். சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தான். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"பல்லின்றது உன் தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல. அதுக்கு இன்னா பாவா பண்றது?"

"வெள்ளிக்கிழமை வந்து எடுத்துகினு போ."

"சும்மாவா?"

"பன்னெண்டு ஆவலியே."

அவன் வெளியே போய் ரோட்டில் நின்று போன் போட்டான். கடைக்குள் எனக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாகப் பேசினான். பல்லிக்கும் கொடுக்கிறார் என்று மூன்று பேருக்குச் சொன்னான். வீட்டில் மனைவி, பல்லி செத்த தோஷம் என்று என்னை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள். குளித்தேன்.

வெள்ளிக்கிழமை மச்சான் வந்தான். தோளில் பக்கத்து வீட்டு மோட்டார். பின்னால் மூத்தவர், அவர் மகன் கையில் ஒன்று. அதற்கும் பின்னால், சோளிங்கருக்கு நேர் பஸ் உண்டா என்று கேட்டவர், அவர் கையில் ஒன்று. மேஜையில் இடமில்லை. டேபிள் ஃபேன்களைத் தரையில் இறக்கி வைத்தேன்.